பவளத் தொட்டி இடமாற்றம்

பவளத் தொட்டி இடமாற்றம் என்பது உப்புநீர்த் தொட்டியில் வாழும் பவளங்கள், மீன்கள், இறால், நத்தை முதலிய உயிர்களையும் அவை ஒட்டி வாழும் பாறைகளையும் அதைவிடப் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோகும் வேலை. நன்னீர் மீன்தொட்டியை மாற்ற அரைநாள் போதும். பவளத் தொட்டிக்கு ஒரு பகல் முழுதும் வேண்டும். அதற்கான முன்னேற்பாடு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். மீன் வளர்ப்பில் பழகியவர்களே இதில் உயிர்களை இழப்பதுண்டு. பெரும்பாலும் காரணம் அவசரம்தான்.

எதனால் மாற்றுகிறார்கள்

கடைகளில் விரல் நீளத்தில் விற்கப்படும் நீல டாங் மீன் முழு வளர்ச்சியில் ஏறத்தாழ 30 செ.மீ. வரை வரும். இரண்டடித் தொட்டியில் அது திரும்பவே இடமிராது. பவளங்களும் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் வளரும் வேறினப் பவளத்தை இரவில் கொட்டும் இழைகளை நீட்டித் தாக்கும். மெதுபவளங்கள் இந்தப் போரை நீரில் வேதிப்பொருள்களைக் கசியவிட்டு நடத்துகின்றன. இடம் குறையக் குறையச் சண்டை கூடும்.

இன்னொரு காரணம் நீரின் அளவு. சிறு தொட்டியில் இரண்டு நாள் ஆவியாதலே உப்பளவை ஏற்றிவிடும், ஒரு நத்தை செத்தால் நீர் கெடும். பெரிய தொட்டியில் அதே தவறுகள் மெல்லத்தான் தலைகாட்டும். திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். ஆனால் இந்தப் பொறுமை தொட்டி நிலைபெற்ற பிறகு வருவது. முதல் வாரத்தில் பெரிய தொட்டிக்கும் சிறிய தொட்டிக்கும் பெரிய வித்தியாசமில்லை.

பாறையில் குடியிருப்போர்

மீன் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவற்றில் மிகப் பெரும்பங்கு நீரில் மிதப்பவை அல்ல. பாறையின் நுண்துளைகளிலும் மணலிலும் படலமாக ஒட்டிக்கொண்டிருப்பவை. உலர்ந்த பாறையோடு தொடங்கும் தொட்டியில் இந்தக் கூட்டம் உருவாகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரமாகும்.

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் கொண்டு கடல்மீன்களை வளர்க்கும் முறையை விளக்கினார். இன்றைய பவளத் தொட்டிகளின் மூலக்கருத்து அதுவே. அத்தகைய பாறையை வளர்ப்போரும் விற்போரும் ‘லைவ் ராக்’ என்றே சொல்கிறார்கள். தமிழில் உயிர்ப்பாறை எனலாம்.

எனவே பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொண்டுபோக வேண்டும் என்று பாடுபடுவதைவிட, பாறையை உலரவிடாமல் கொண்டுபோவதில் கவனம் செலுத்துவது நல்லது. பழைய நீரை எடுத்துச் செல்வதில் பயன் உண்டு, ஆனால் அது வேறு வகையான பயன்: உப்பும் காரத்தன்மையும் உயிர்கள் பழகிய அளவிலிருந்து திடீரென விலகாது.

அம்மோனியாவைக் கண்டு கடல்நீர் வளர்ப்போர் இவ்வளவு அஞ்சுவதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும்; ஒன்று கொடிய நச்சு, மற்றது அவ்வளவு இல்லை. நீரின் பி.எச். ஏற ஏற நச்சு வடிவத்தின் பங்கு ஏறும். பி.எச். 7 உள்ள நன்னீரில் நச்சுப் பங்கு நூற்றில் அரைப் பங்குதான். பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் அது பத்து மடங்குக்கு மேல். தங்கமீன் தாங்கும் அளவு கோமாளி மீனைக் கொன்றுவிடும்.

இடமும் எடையும்

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். பழையது இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 127 லிட்டர். புதியது நான்கடிக்கு இரண்டடிக்கு இரண்டடி, 453 லிட்டர். நீர் மட்டும் 460 கிலோவுக்கு மேல். 12 மி.மீ. கண்ணாடியில் செய்தால் தொட்டியே ஏறத்தாழ 90 கிலோ. பாறை, மணல், தாங்கு மேசை, கீழே சம்ப் எனப்படும் துணைத்தொட்டி என்று சேர்த்தால் அறுநூறு கிலோவைத் தாண்டும்.

வீட்டு அறைத் தளங்களுக்கு இந்திய நியமங்கள் கணக்கில் கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. மேற்சொன்ன தொட்டி தன் அடிப்பரப்பில் இறக்கும் சுமை அதைப்போல் நான்கு மடங்கு. அறை முழுவதும் இப்படி நிறைந்திருக்கப் போவதில்லை என்பதால் பீமுக்கு மேலோ சுமைதாங்கிச் சுவரை ஒட்டியோ வைத்தால் வழக்கமாகச் சமாளித்துவிடும். மாடி வீட்டில், அதிலும் பழைய கட்டடத்தில், அறையின் நட்டநடுவே வைக்க நினைப்பவர்கள் பொறியாளர் ஒருவரைக் கேட்டுவிடுவதே முறை. மீன்கடைக்காரர் தரும் உறுதிமொழி இதற்குப் போதாது.

மாற்றும் நாளுக்கு முன்பே தொட்டியை எங்காவது நிறுத்தி, சாதாரண நீர் நிரப்பி இரண்டு நாளாவது விட்டுப் பார்க்க வேண்டும். சிலிகான் ஒட்டில் கசிவு இருந்தால் அப்போதே தெரியும். அத்தோடு சம்பிலிருந்து நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்பை ஓடவிட்டு, திடீரென மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கவும். மேல்தொட்டியில் குழாய் மட்டம்வரை உள்ள நீர் தானாகக் கீழே வடியும். அதை முழுதும் ஏற்கும் இடம் சம்பில் இருக்கிறதா என்பது மின்வெட்டு உள்ள ஊர்களில் முதல் கேள்வி. இதைச் சோதிக்காதவர்களுக்கு ஏதோ ஒரு நள்ளிரவு சோதித்துக் காட்டும்.

தண்ணீர்

எடுத்துக்காட்டின்படி கூடுதலாகத் தேவைப்படும் உப்புநீர் 325 லிட்டர் அளவில். லிட்டருக்குச் சுமார் 36 கிராம் என்றால் கிட்டத்தட்ட 12 கிலோ செயற்கைக் கடலுப்பு. சமையலுப்பு இதற்கு உதவாது. கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் முதலியவை உரிய விகிதத்தில் சேர்ந்த கலவைதான் வேண்டும். குழாய் நீரில் குளோரமின், பாஸ்பேட், செம்பு வரக்கூடும் என்பதால் ஆர்.ஓ.வில் வடித்து, அயனிகளை நீக்கும் ரெசின் குப்பியிலும் செலுத்திய நீரையே பயன்படுத்துவர். உப்பை நீரில் சிறுகச் சிறுகத் தூவ வேண்டும். உப்பைக் கொட்டிவிட்டு அதன்மேல் நீரை ஊற்றினால் கால்சியம் கார்பனேட் வெண்பொடியாகப் படிந்து வீணாகும். கரைத்த நீரைச் சிறு பம்பு வைத்து ஒருநாள் சுழலவிடுவது வழக்கம்.

ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026, வெப்பம் 25 அல்லது 26 பாகை செல்சியஸ், காரத்தன்மை அதன் அலகான டி.கே.எச். கணக்கில் 7 முதல் 11, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் என்று வளர்ப்போர் கடைப்பிடிக்கும் எல்லைகள் பரவலாகத் தெரிந்தவை. இடமாற்றத்தில் இந்த எல்லைகளைவிடப் பழைய தொட்டியில் உள்ள அளவே முக்கியம். உப்பளவும் வெப்பமும் ஒத்துப் போகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள், காரத்தன்மையை மறந்துவிடுகிறார்கள். உப்புக் கலவைகளில் சில 7, 8 டி.கே.எச். தருபவை, சில 11, 12 தருபவை. எட்டில் பழகிய அக்ரோபோரா பவளத்தை ஒரே நாளில் பதினொன்றில் இறக்கினால் கிளை நுனிகள் வெந்தாற்போல் வெளுத்து, தசை உரியக்கூடும். பழைய தொட்டிக்குப் பயன்படுத்திய அதே கலவையையே புதியதற்கும் வாங்குவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும் எளிய வழி. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நீரில் சுழியம் காட்டச் செய்தால் மட்டும் போதாது. ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள அளவுத் திரவத்தில் சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும்.

மாற்றும் நாள்

இடம் இருப்பவர்கள் இரு தொட்டிகளையும் அருகருகே ஓடவிடலாம். புதியதில் சில பாறைத் துண்டுகளை முன்கூட்டியே போட்டு, சில வாரம் கழித்து உயிர்களை மெல்ல மெல்ல மாற்றலாம். இதுவே பாதுகாப்பான முறை. பெரும்பாலான வீடுகளில் பழையது இருந்த இடத்திலேயே புதியதும் நிற்க வேண்டியிருப்பதால் ஒரே பகலில் முடிக்க நேர்கிறது. கீழே வருவது அந்த ஒருநாள் முறை.

முந்தின நாள் மீன்களுக்கு உணவு கொடுப்பதில்லை. காலையில் முதல் வேலை ஹீட்டரை அணைப்பது. நீர்மட்டம் இறங்கி, சூடான ஹீட்டர் காற்றில் நின்றால் கண்ணாடி வெடிக்கும். அது வெடிப்பது பெரும்பாலும் எல்லோரும் மீன் பிடிப்பதில் மும்முரமாக இருக்கும்போதுதான். அடியைக் கலக்காமல் மேல்நீரைக் குழாயால் உறிஞ்சிப் பெரிய டிரம்களிலும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்புகளிலும் நிரப்ப வேண்டும். உணவுப் பொருளுக்கு மட்டுமே பயன்பட்ட அல்லது புதிதாக வாங்கிய டப்புகளே இதற்கு ஏற்றவை. சோப்பு பட்ட பக்கெட் ஆகாது.

பவளங்களை எடுக்கும்போது அவை உப்பி விரிந்திருக்கும் நிலையில் நேரே நீருக்கு மேல் தூக்கக் கூடாது. டார்ச், ஹாமர் எனப்படும் யூபிலியா வகைகளில் நீண்ட சதை விரல்கள் நீர் நிறைந்து தொங்கும். அப்படியே தூக்கினால் தம் எடையாலேயே கூரிய எலும்புக்கூட்டு விளிம்பில் அறுபடும். நீருக்குள்ளேயே இலேசாக அசைத்தால் அரை நிமிடத்தில் சதை உள்ளே சுருங்கும்; பிறகு எடுக்கலாம். அக்ரோபோரா போன்றவை கடலில் வற்றுநேரத்தில் காற்றுப்பட நிற்பவை என்பதால் சிறிது நேரம் வெளியே இருந்தாலும் தாங்கும். கடற்பஞ்சு தாங்காது: அதன் துளைகளுக்குள் காற்று புகுந்தால் அந்தப் பகுதி அழுகும். அதை நீருக்குள்ளேயே பாத்திரத்தில் ஏற்றிக்கொண்டுபோக வேண்டும். மெதுபவளங்களுக்குத் தனி டப் கொடுப்பது அவசியம். தொந்தரவு செய்ததும் அவை கோழையும் வேதிப்பொருளும் விடும். புதிய தொட்டியில் முதல் சில நாள் கரித்தூள் வடிகட்டி வைப்பதும் இதற்காகத்தான்.

பிறகு பாறைகள். ஒவ்வொன்றையும் பழைய நீருள்ள பக்கெட்டில் இருமுறை முக்கி அசைத்தால் பழுப்பு நிறக் கசடு புகைபோல் உதிரும். அந்தக் கசடு பழைய வீட்டோடு நிற்பது நல்லது. பாறையைத் தூக்கியதும் டப்புக்கு மேல் சில விநாடி பிடித்துப் பார்க்க வேண்டும். கோபி மீனோ இறாலோ பொந்துக்குள் இருந்து சொட்டும் நீரோடு வெளியே விழும். பாறையில் நிழல்பட்டிருந்த பக்கம் புதிய இடத்திலும் நிழலிலேயே இருக்கட்டும். அங்கே வாழ்பவை வெளிச்சத்துக்குப் பழகாதவை.

மீன்களை முதலில் பிடிக்க முயல்வது வீண் போராட்டம். பாறையெல்லாம் போய் நீர் நான்கு விரற்கடை அளவுக்கு வந்தபின் தாமே கைக்கு வரும். வலையைவிடப் பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டெடுப்பது மேல். டாங் மீனின் வாலடியில் கத்தி போன்ற முள் உண்டு. வலையில் சிக்கினால் மீனுக்கும் காயம், பிடிப்பவருக்கும் காயம். சில ராஸ் மீன்கள் பயந்தால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். எண்ணிக்கை குறைந்தால் மணலைத் தூர எறிவதற்குமுன் விரல்களால் துழாவிப் பார்க்கவும். பிடித்த மீன்கள் உள்ள டப்பை மூடி, காற்றுக்கல் போட வேண்டும். ராஸ்களும் ஃபயர்பிஷ்களும் தாவிக் குதிப்பவை.

மணலைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சிலர் பழைய மணலையே கழுவிப் போடுகிறார்கள். பல ஆண்டு கிடந்த ஆழமான மணலின் அடியில் ஆக்சிஜன் இராது. கிளறியதும் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வெளிவரும், தேங்கிய அம்மோனியாவும் சேர்ந்து வரும். இடமாற்றத்தில் நேரும் மீன் சாவுகளுக்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று. புது மணல் வாங்கி, பழையதன் மேற்பரப்பிலிருந்து ஒரு கோப்பை மட்டும் விதையாகத் தூவுவது போதும். மணல் விலையை மிச்சம்பிடிக்கும் இடம் இதுவல்ல.

புதிய தொட்டியில் பாறை முதலில், மணல் அடுத்து. பாறை மணலின்மேல் நின்றால் தோண்டும் மீன்கள் அதைச் சாய்த்துவிடும், அடித்தளத்திலேயே நிற்கட்டும். தட்டு ஒன்றை வைத்து அதன்மேல் நீரை ஊற்றினால் கலங்கல் குறையும். நீர் தெளியும்வரை காத்து, உப்பளவும் வெப்பமும் பார்த்து, பவளங்களை வைத்து, மீன்களைக் கடைசியில் விடுவது ஒழுங்கு. பாறை அடுக்கு மாறியிருப்பதால் பழைய எல்லைச் சண்டைகள் ஓரளவு மறந்துபோகும். அப்படியும் அடங்காத டேம்சல் மீனை எல்லோருக்கும் கடைசியாக விடுவது வழக்கம்.

முரண்டு பிடிப்பவை

கடற்சாமந்தி தன் அடிப்பாதத்தால் பாறையைக் கவ்வியிருக்கும். பிய்த்தெடுத்தால் பாதம் கிழிந்து பெரும்பாலும் சாகும். பாறையோடு சேர்த்து எடுப்பதே சரி. புதிய இடத்தில் பிடிக்கும்வரை ஊர்ந்து திரியும் பழக்கம் உள்ளதால் பம்புகளின் உறிஞ்சுவாயைக் நுரைப்பஞ்சுத் துண்டால் மூடி வைக்க வேண்டும். பம்பில் அரைபட்ட சாமந்தி தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும். கடல் அட்டைகளும் பெட்டி மீன்களும் கலவரப்பட்டால் நச்சு வெளியிடக்கூடியவை. இவற்றைத் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்து, அந்தப் பாத்திரத்து நீரைத் தொட்டியில் ஊற்றாமல் இருப்பது நல்லது. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் உப்பளவு மாற்றத்தைச் சகிப்பதில்லை. கடைசியாக, சொட்டுச் சொட்டாக நீர் கலந்து பழக்கியே அவற்றை இறக்குவார்கள்.

ஒளியும் மருந்தளவும்

பெரிய தொட்டிக்குப் புதிய எல்.இ.டி. விளக்கும் சேர்ந்தே வரும். பவளத்தின் திசுக்களில் வாழும் சூசாந்தெல்லே பாசிகள் பழைய ஒளியளவுக்குத் தம்மைத் தகவமைத்திருப்பவை. திடீர்ப் பேரொளியில் பவளம் அவற்றை இழந்து வெளுக்கும். பாதி ஒளியில் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் ஏற்றலாம். வெப்பமும் இதே வேலையைச் செய்யும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் பவளங்கள் பெருமளவில் வெளுத்ததற்குக் காரணம் கடல்நீர் சூடேறியதே. சித்திரை, வைகாசியில் டப்பில் வைத்த நீர் மதியத்துக்குள் அந்த அளவைத் தொட்டுவிடும் என்பதால் நம் ஊரில் இந்த வேலைக்கு மார்கழி, தை ஏற்ற மாதங்கள்.

கால்சியம், காரத்தன்மை மருந்துகளை ஊற்றுவதில் நேரும் பிழை வேறு வகை. பாட்டிலில் நூறு லிட்டருக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். நீர் மூன்றரை மடங்கானதும் மருந்தையும் மூன்றரை மடங்காக்குபவர்கள் உண்டு. பவளங்களோ அதே எண்ணிக்கைதான். அவை ஒருநாளில் உறிஞ்சும் கால்சியம் கிராம் கணக்கில் மாறவில்லை. நேற்றுவரை ஊற்றிய அதே மில்லிலிட்டரில் தொடர்ந்து, வாரம் இருமுறை அளந்து திருத்துவதே சரி.

முதல் வாரம் தினமும் அம்மோனியா பார்ப்பதும், உணவைப் பாதியாக்குவதும், தொட்டியின் கால்பங்கு அளவு உப்புநீரைத் தயாராகக் கரைத்து வைத்திருப்பதும் போதுமான காப்பு. கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் சில நாள் பொங்கி வழியும். மட்டத்தைத் தாழ்த்தி வைக்கவும். பழுப்பு டயட்டம் படலமும் பச்சைப் பாசியும் வந்து போகும். அதைக் கண்டு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழியத்துக்குக் கொண்டுபோவது ஆபத்து. அந்த வறுமையில்தான் டைனோஃபிளாஜெல்லேட் எனும் பிசுபிசுத்த படலம் செழிக்கிறது, அதை ஒழிப்பது பாசியை ஒழிப்பதைவிடக் கடினம். புதிய மீன் வாங்க ஓரிரு மாதம் பொறுக்கலாம்.

கைக்கு வரும் ஆபத்து

பவளங்களின் உறவினங்களான, பூங்கொத்து போன்ற சோயாந்திட்களில் சில பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சைக் கொண்டவை. ஹவாயில் எடுக்கப்பட்ட இனம் ஒன்றிலிருந்து ரிச்சர்ட் மூரும் பால் ஷோயரும் அதைப் பிரித்தெடுத்த செய்தி 1971இல் வெளியானது. இவை ஒட்டியுள்ள பாறையைத் தூரிகையால் தேய்ப்பதும், சுத்தம் செய்வதாக நினைத்துக் கொதிக்க வைப்பதும் நஞ்சைக் காற்றில் பரப்பும்; வீட்டில் உள்ளோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கையில் காயத்தோடு தொட்டிக்குள் கைவிட்டால் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி தோலில் ஆறாப் புண்ணை உண்டாக்கலாம்.

சட்டம்

இந்தியாவில் கல்பவளங்கள், கடல் அட்டைகள், கடற்குதிரைகள் முதலியவை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. கல்பவளங்களின் பன்னாட்டு வணிகத்தை சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பும் கட்டுப்படுத்துகிறது. ராமேசுவரம், தூத்துக்குடிக் கரைகளில் கிடைக்கும் பவளப் பாறைத் துண்டைத் தொட்டிக்கென எடுத்துவருவது குற்றம். அந்தக் கரையோரத்தில் 21 தீவுகள் அடங்கிய மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது 1986இல். தொட்டிக்குச் செயற்கைப் பாறையில் பாக்டீரியாவை வளர்த்துக்கொண்டால் போதும்.

பெரிய இடமாற்றம் ஒன்று

பொதுக் காட்சியகங்களிலும் இதே வேலை பேரளவில் நடக்கும். சான் பிரான்சிஸ்கோவில் 1923இல் திறந்த ஸ்டைன்ஹார்ட் காட்சியகம், கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்காகத் தன் உயிரினங்களை 2004இல் ஹோவர்டு தெருவிலிருந்த தற்காலிக இடத்துக்கு மாற்றியது. புதிய கட்டடம் 2008 செப்டம்பரில் திறந்தது. அங்குள்ள பிலிப்பைன்ஸ் பவளப்பாறைத் தொட்டி 25 அடி ஆழம், ஏறத்தாழ எட்டு லட்சம் லிட்டர். 1938இல் வந்து சேர்ந்த மெத்துசெலா என்ற ஆஸ்திரேலிய நுரையீரல் மீனும் இந்த இரு பயணங்களையும் தாங்கியது. அங்கே கால அவகாசம் ஆண்டுக்கணக்கில் கிடைத்தது.

வீட்டில் அவகாசம் ஒரு பகல்தான். ஆகையால் பழைய தொட்டியை அன்றே விற்றுவிட வேண்டாம். கழுவி, ஹீட்டரோடும் சிறு பம்போடும் ஒரு மாதமாவது கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். புதியது கசிந்தாலோ, அம்மோனியா ஏறினாலோ, மீன்களைக் கொண்டுபோக வேறிடம் இருக்காது.